மூன்று கிழமை லீவும் ஒரு கொடுப்புப் பல்லும்

இடப்பக்கக் கீழ்க் கொடுப்பில் ஒரு பல் இல்லாமல் இரண்டு வருடம் வலப்பக்கத்தாலேயே சோறு தின்றேன். லண்டனில் வேர்சிகிச்சை செய்த பல் அது. ஒரு தீபாவளிக்கு மனைவி சுட்ட முறுக்கில் நெடுக்காகப் பிளந்து போனது. (முறுக்கில் பிழை இல்லை என்று இங்கே எழுதச் சொல்லியிருக்கிறார்.) பிடுங்கிய இடத்தில் இம்பிளாண்ட் வைக்கக் கேட்டபோது 2,800 பவுண்ஸ் என்றார்கள். அரச மருத்துவச் சேவையில் அது வாய்ப்புற்றுநோய், விபத்து போன்ற பெரிய காரணங்களுக்கு மட்டும்தான். முறுக்கு அந்தப் பட்டியலில் இல்லை.

2024 ஆடியில் மட்டக்களப்புப் பக்கம் எங்கள் ஊருக்கு மூன்று கிழமை போவதாக இருந்தோம். போகிற கையோடு பல்லையும் போட்டுக்கொண்டு வரலாம் என்பதுதான் என் கணக்கு. முதலில் இணையத்தில் ஓர் இடம் அகப்பட்டது. எந்த நாடு, எந்த ஊர் என்பதெல்லாம் வேண்டாம். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்காகவே நடத்துகிறார்களாம், பத்து நாளில் நிரந்தரப் பல்லாம். முற்பணம் கட்டக் கார்ட்டைக் கையில் எடுத்துவிட்டேன். அதற்குள் ஆரையம்பதியில் இருக்கிற மச்சான், மட்டக்களப்பு டவுனுக்குள் பின்னேரங்களில் பார்க்கிற ஒரு பல் டொக்டரின் இலக்கத்தை அனுப்பினான்.

போனில் அவர் விலையைப் பேசவில்லை. சீனி வருத்தம் இருக்கா, சிகரெட் பிடிப்பீங்களா, எலும்புக்கு ஏதும் குளிசை எடுக்கிறீங்களா, பல்லுப் பிடுங்கி எவ்வளவு காலம் என்று கேட்டார். கடைசியாக, லீவு எத்தனை நாள் என்றார். மூன்று கிழமை என்றேன்.

“அப்ப இந்தமுறை பாதி வேலைதான். மிச்சத்துக்கு நாலைஞ்சு மாசத்தால திரும்ப வரணும்.”

எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. பத்து நாளில் செய்கிற இடமும் இருக்கிறதே என்று சொல்லியும் விட்டேன். மனிதர் கோபிக்கவில்லை. அவர் சொன்ன விளக்கத்தை எனக்கு விளங்கிய அளவில் எழுதுகிறேன். டிக்கெட் போட முன்னர் ஒவ்வொருவரும் கேட்டுவைக்க வேண்டியது இதுதான்.

இம்பிளாண்ட் என்பது பல் அல்ல, பல்லின் வேருக்குப் பதிலாக தாடை எலும்புக்குள் இறக்குகிற டைட்டானியத் திருகாணி. பல் அதற்கு மேல் பிறகுதான் வரும். இறக்கிய அன்று திருகாணி இறுக்கமாக நிற்பது மரத்தில் திருகாணி நிற்கிற மாதிரி, வெறும் பொறிப்பிடிதான். அதைச் சுற்றியுள்ள பழைய எலும்பு மெல்லக் கரைந்து, புது எலும்பு வளர்ந்து டைட்டானியத்தோடு ஒட்ட வேண்டும். பழையது கரைந்து புதியது இன்னும் பிடிக்காத இடைக்காலம் ஒன்று உண்டு. பிடி ஆகக் குறைவாக இருப்பது ஏறக்குறைய மூன்றாம் நான்காம் கிழமையில்தான். அந்த நேரத்தில் அதன் மேல் பல்லை வைத்துச் சாப்பாட்டை மென்றால், திருகாணி ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் அசைந்தாலே போதும், எலும்பு வளர வேண்டிய இடத்தில் நார் இழையம் வளர்ந்துவிடும். பிறகு அது ஆடத் தொடங்கும். நான் அந்த நேரம் லண்டனில் இருப்பேன்.

ஒரே நாளில் பல் வைக்கிற முறையும் பொய்யில்லை என்றார். பல்லே இல்லாத தாடையில் நாலு திருகாணி இறக்கி, எல்லாவற்றையும் ஒரே பாலமாகப் பிணைத்து அன்றே தற்காலிகப் பல் கொடுக்கிறார்கள். நாலும் ஒன்றை ஒன்று தாங்கும். மென்மையான சாப்பாடு என்கிற கட்டுப்பாடும் உண்டு. முன்பல்லிலும், பிடி நன்றாக இருந்தால், கடிபடாத மாதிரி ஒரு தற்காலிகப் பல் வைக்கலாம். ஆனால் எனக்குத் தனியாக நிற்கிற கொடுப்புப் பல். கடியின் பாரம் முழுக்க விழுகிற இடம்.

வரும்போது கொழும்பில் இறங்கி முப்பரிமாண எக்ஸ்ரே ஒன்று எடுத்து வரச் சொன்னார். கதிரையில் இருக்க, இயந்திரம் தலையை ஒரு முறை சுற்றி வந்தது, அவ்வளவுதான் வேலை. சாதாரணப் பல் எக்ஸ்ரேயில் எலும்பின் உயரம் தெரியும், தடிப்புத் தெரியாது. இதில் தாடையைப் பாண் துண்டு மாதிரி வெட்டி வெட்டிப் பார்க்கலாம். இரவு பஸ்ஸில் விடியப்புறம் ஊர் வந்து, அன்று பின்னேரமே ஓட்டோ பிடித்தேன். காத்தான்குடிப் பேரீச்சை மரங்களைத் தாண்டி, கல்லடிப் பாலத்தால் ஏறி டவுனுக்கு. பாலத்தில் காற்று வாங்குகிறவர்களைப் பார்த்ததும் பல்லை விட்டுவிட்டு அங்கேயே இறங்கிவிடலாமா என்றிருந்தது.

சின்ன கிளினிக். வாசலில் செருப்புக் கழற்ற வேண்டும். டொக்டர் கணினியில் என் தாடையைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். கீழ்த்தாடைக்குள் ஓடுகிற நரம்புக் குழாயைச் சிவப்பாக வரைந்திருந்தார். கீழ் உதட்டுக்கும் நாடிக்கும் உணர்வு கொடுக்கிற நரம்பு அது. அதற்கு மேலே 14 மில்லிமீற்றர் எலும்பு இருந்தது, அகலம் 7. நரம்பிலிருந்து குறைந்தது 2 மில்லிமீற்றர் தள்ளி நிற்க வேண்டும் என்பதால் 10 மில்லிமீற்றர் நீளத் திருகாணியே போதும் என்றார். அந்தத் திட்டத்தை வைத்தே கொழும்பில் ஒரு வழிகாட்டி அச்சு செய்விக்கலாம். பக்கத்துப் பற்களில் தொப்பி மாதிரி மாட்டுகிற பிளாஸ்டிக் துண்டு, துளை விழ வேண்டிய இடத்தில் ஒரு குழல் இருக்கும். எனக்கு இரண்டு பக்கமும் பல் நேராக நிற்பதால் அது கட்டாயம் இல்லை, பல பற்கள் போடுகிறவர்களுக்குத்தான் பெரிய உதவி என்றார். நான் பயந்தவன், செய்விப்போம் என்றேன். பார்சல் பஸ்ஸில் ஒரு நாள் பிந்தி வந்தது.

விலை இரண்டாகச் சொன்னார்கள். கொரியத் திருகாணி என்றால் மேலே வைக்கிற பல்லோடு ஒரு லட்சத்து எழுபதினாயிரம், சுவிஸ் என்றால் இரண்டு லட்சத்து அறுபதினாயிரம் ரூபாய். என்ன வித்தியாசம் என்று கேட்டேன். சுவிஸ்காரரிடம் நீண்டகால ஆய்வுகள் அதிகம், கொரியத்தையும் தான் நிறையப் பேருக்கு வைத்திருப்பதாகச் சொன்னார். ஆனால் லண்டனில் ஏதும் நடந்தால் அதைத் திறக்கிற சாவி அங்கே யாரிடமாவது இருக்க வேண்டுமே, அதை யோசியுங்கள் என்றார். சுவிஸ் எடுத்தேன்.

அறுவை நாள். நான் நினைத்த பயங்கரம் ஒன்றுமில்லை, முகத்தில் பச்சைத் துணி போர்த்தியதுதான் பயம். விறைப்பு ஊசி பிடிக்கும்வரை டொக்டர் கதை சொன்னார். 1952இல் சுவீடனில் பிரோனமார்க் என்கிற ஆராய்ச்சியாளர் முயலின் கால் எலும்புக்குள் டைட்டானியக் கருவி ஒன்றை வைத்துக் குருதியோட்டத்தைப் பார்த்திருக்கிறார். ஆய்வு முடிந்து கழற்றப் போனால் வரவில்லை, எலும்போடு ஒட்டிவிட்டது. அதிலிருந்து வந்ததுதான் இது. 1965இல் முதல் நோயாளி யோஸ்தா லார்சன் என்கிற மனிதருக்கு வைத்தார். லார்சன் 2006இல் இறந்தபோதும் அந்தப் பற்கள் வாயிலேயே இருந்தன. நாற்பது வருடத்துக்கு மேல். கதை முடிய என் உதடும் மரத்துப் போனது.

துளையிடும் சத்தம் எலும்பு வழியாகக் கேட்கும். அப்பாவின் துறப்பணம் ஞாபகம் வந்தது, அவர் தச்சர். ஆனால் இது எதிர்பார்த்ததை விட மெதுவாகச் சுற்றியது, உப்புத்தண்ணீர் விடாமல் பாய்ந்துகொண்டே இருந்தது. எலும்பு 47 பாகைக்குச் சூடாகி ஒரு நிமிடம் நின்றாலே அந்த இடம் செத்துப்போகும், செத்த எலும்பு எதையும் பிடிக்காது என்று பிறகு சொன்னார். ஒல்லி அலகு, கொஞ்சம் தடித்தது, இன்னும் தடித்தது என்று மாற்றி மாற்றி நாற்பது நிமிடத்தில் முடிந்தது. கடைசியில் திருகாணியின் இறுக்கத்தை இயந்திரம் 35 நியூட்டன் சென்ரிமீற்றர் என்று காட்டியதும் “நல்ல பிடி” என்றார். அதனால் உள்ளே புதைத்து மூடாமல், முரசுக்கு வெளியே தெரிகிற மாதிரி ஒரு சின்ன மூடியைத் திருகி விட்டார். அடுத்த முறை திரும்ப வெட்ட வேண்டியதில்லை.

வலி, உண்மையில், பல்லுப் பிடுங்கியதை விடக் குறைவு. இரண்டு நாள் வீக்கம். கஷ்டம் வேறு. சின்னம்மா வீட்டில் நண்டுக்கறி, பெரியப்பா வீட்டில் இறால் பொரியல், மாமாங்கக் கோயில் தீர்த்தத்துக்குப் போய் வந்தால் வீடு நிறையச் சொந்தம். நான் ஒரு மூலையில் கஞ்சியும் எருமைத் தயிரும். “என்ன மனே, நோய்க்காரன் மாதிரி” என்று ஒவ்வொருவராகக் கேட்டுப் போனார்கள். எட்டாம் நாள் தையல் வெட்டினார்கள்.

தையல் வெட்டப் போன அன்று அம்மாவையும் கூட்டிப் போனேன். 78 வயது, மேலும் கீழும் கட்டுப்பல். மேலது அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், கீழது எப்போதும் ஆடும். அதனால் சாப்பிடும்போது கழற்றித் தேத்தண்ணிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்துவிடுவா. கீழே இரண்டே இரண்டு இம்பிளாண்ட் வைத்து, சட்டையின் பிறஸ் பட்டன் மாதிரி கட்டுப்பல்லை அதில் கொளுவலாம் என்று டொக்டர் சொன்னார். 2002இல் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள், பல்லே இல்லாத கீழ்த்தாடைக்கு முதல் தெரிவு இதுதான் என்று அறிவித்தார்களாம். எனக்கு உடனே ஆசை வந்துவிட்டது. ஆனால் அம்மாவின் குளிசைப் பையைத் திறந்து பார்த்தவர், கிழமைக்கு ஒன்றாக எடுக்கிற எலும்புத் தேய்வுக் குளிசையை எடுத்து வெளியே வைத்தார். அதை வருடக்கணக்காக எடுத்தவர்களுக்குத் தாடையில் வெட்டினால் சிலருக்குக் காயம் ஆறாமல் எலும்பு அழுகிப்போகிற ஆபத்து இருக்கிறது. மூன்று மாதச் சராசரிச் சீனி அளவும் எட்டரை, அது அதிகம். அதோடு வெற்றிலை வேறு. செய்யலாம், ஆனால் இப்போது வேண்டாம் என்றார். அம்மாவுக்கு அதைவிடச் சந்தோசமான செய்தி இல்லை. பழைய கட்டுப்பல்லின் உட்பக்கத்தை முரசுக்குப் பொருந்த நிரப்பித் தந்தார்கள், பத்தாயிரத்துக்குள் முடிந்தது. ஆட்டம் பாதி குறைந்தது.

கிளம்பும்போது ஒரு சின்ன அட்டை தந்தார்கள். திருகாணியின் கம்பெனி, மாதிரி, விட்டம், நீளம், தொகுதி இலக்கம், பெட்டியிலிருந்து உரித்த ஸ்டிக்கர். இதை வாங்காமல் யாரும் கதிரையை விட்டு எழும்பாதீர்கள். ஏனென்றால் ஆறாவது கிழமை, லண்டனில் பல்விளக்கும்போது அந்த மூடி கழன்று கைக்கு வந்தது. வழக்கமாகப் போகிற பல் வைத்தியரிடம் ஓடினேன். வெளிநாட்டில் வைத்ததைத் தொட முடியாது என்று வரவேற்பிலேயே அனுப்பிவிட்டார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாதுதான், பிறகு உடைந்தால் பழி அவர்களுக்கு. ஆனால் முரசு ஓரிரு நாளில் மூடிக்கொள்ளும் என்பதால் எனக்குத் தலை சுற்றியது. மட்டக்களப்புக்கு வட்ஸ்அப்பில் படம் போட்டேன். “மூடியைக் குளோர்ஹெக்சிடினில் போட்டு வையுங்கோ, அட்டையைக் காட்டுங்கோ” என்று பதில் வந்தது. (கிருமி கொல்லுகிற வாய்கொப்பளிப்பு மருந்து அது.) நாலாவதாக அழைத்த இடத்தில் அட்டையைப் பார்த்ததும் சரி என்றார்கள். ஐந்து நிமிடம், எண்பது பவுண்ஸ்.

தைப்பொங்கலுக்குத் திரும்பப் போனோம். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. டொக்டர் கண்ணாடிப் பிடியால் தட்டிப் பார்த்தார். கணீர் என்றது. பிடிக்காத திருகாணி மொத்தையாகச் சத்தம் கொடுக்குமாம். எக்ஸ்ரேயிலும் சுற்றிவர எலும்பு நெருங்கி நின்றது. அச்செடுத்துக் கொழும்புக்கு அனுப்பி, ஒன்பதாம் நாள் சேர்கோனியா என்கிற பீங்கான் வகைப் பல் வந்தது. ஒட்டுகிற பல் இல்லை, நடுவில் துளை வைத்துத் திருகுகிற பல். பசை முரசுக்குள் வழிந்து தங்கினால் பிற்காலத்தில் சீழ் பிடிக்கும், திருகியது என்றால் எப்போதும் கழற்றிப் பார்க்கலாம். அந்தத் துளைக்குள் முதலில் அடைத்தது என்ன தெரியுமா? தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றுகிற வெள்ளை டெப்லொன் நாடா. அதன் மேல்தான் பல் நிற அடைப்பு.

நீல அச்சுத்தாளைக் கடிக்க வைத்துத் தேய்த்துத் தேய்த்து, மற்றப் பற்களை விட ஒரு மயிரிழை குறைவாகக் கடிபட விட்டார். சொந்தப் பல்லுக்கு வேரைச் சுற்றி மெத்தை மாதிரி ஒரு சவ்வு இருக்கிறது, அழுத்தினால் சற்று உள்ளே போகும். இதற்கு அந்த மெத்தை இல்லை.

காசைப் பற்றி ஒளிக்காமல் சொல்வதென்றால், இரண்டாவது டிக்கெட்டையும் பல் கணக்கில் எழுதினால் எனக்கு மிச்சம் பெரிதாக ஒன்றும் இல்லை. எப்படியும் வருடத்துக்கு ஒரு தடவை ஊருக்குப் போகிறவர்களுக்கு லாபம். டொக்டரின் பதிவை இலங்கை மருத்துவச் சபையில் பார்த்துக்கொள்ளலாம், பல் வைத்தியர்களும் அங்கேதான் பதிவு. எனக்கு நிம்மதியாக இருந்தது வேறொன்று. இரண்டு முறையும் “இப்ப வேண்டாம்” என்று சொன்னது, காசு வாங்க வேண்டிய ஆள்.

புறப்படுகிற அன்று அம்மா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தா.

“ஆணி வடிவாத்தான் இருக்கு. ஏர்போட்டுல கத்தாதாகா?”

கட்டுநாயக்கவில் கத்தியது. பெல்ட்டைக் கழற்றிவிட்டுத் திரும்பப் போனேன், கத்தவில்லை.