மொன்சாந்தோவா, பியோடாவா?

போர்ச்சுகலின் 12 'வரலாற்றுக் கிராமங்களில்' இரண்டும் உண்டு. ஆனால் கல்லே வேறு. மொன்சாந்தோ கருங்கல் ஊர். பாறையை உடைக்காமல் அதையே சுவராக்கி, கூரையாக்கிக் கட்டியிருக்கிறார்கள். ஒரே பாறையைக் கூரையாகப் போட்ட வீட்டுக்கு 'ஒற்றை ஓட்டு வீடு' என்றே பெயர். 1165-இல் முதலாம் அஃபோன்சோ மன்னர் இந்த மலையை டெம்ப்ளர் எனும் கிறிஸ்தவத் துறவி-வீரர்களிடம் கொடுத்தார். கோட்டை அவர்கள் எழுப்பியது. 1938-இல் 'மிகப் போர்ச்சுகீசியமான ஊர்' என்ற பட்டம் கிடைத்தது. பரிசான வெள்ளிச் சேவலின் நகல் லுக்கானோ கோபுர உச்சியில் நிற்கிறது. கடைகளில் தொங்கும் மரஃபோனா பொம்மையைக் கையில் எடுத்துப் பாருங்கள்: மரச் சிலுவைமேல் துணி சுற்றியது, கண், வாய், காது எதுவும் கிடையாது.

பியோடாவ் அசோர் மலைச்சரிவில் அடுக்கடுக்காக இறங்கும் ஊர். சுவர் பலகைக்கல், கூரையும் கல்பலகை, கதவு ஜன்னல்கள் நீலம். ஊரில் இருந்த ஒரே கடையில் நீலச் சாயம் மட்டுமே கிடைத்ததாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது! கருத்த வீடுகளுக்கு நடுவே உருளைத் தூண்கள் தாங்கும் வெள்ளைத் தேவாலயம் பளிச்சென்று தெரியும்.

மொன்சாந்தோவில் கோட்டைக்குச் செங்குத்தாக ஏற வேண்டும். தேய்ந்த கல் மழையில் வழுக்கும். பியோடாவில் ஏற்றத்தைவிட வளைந்து வளைந்து வரும் மலைச்சாலைதான் படுத்தும். வரலாறு வேண்டுமென்றால் மொன்சாந்தோதான். படமெடுக்க பியோடாவ், அதுவும் விளக்கேற்றிய பிறகு, எதிர்ச்சரிவிலிருந்து.