ஆற்று நீரின் கார்பன்-14: வீழ்படிவாக்கலா, அமிலமேற்றலா?

ஆற்று நீரில் கரைந்துள்ள கனிமக் கார்பனில் (பைகார்பனேட், கார்பனேட் போன்றவை) கார்பன்-14 எவ்வளவு என்று அறிய, அதாவது காலப்போக்கில் சிதைந்து குறைவதால் வயதைக் காட்டும் கதிரியக்கக் கார்பனை அளக்க, மாதிரியை இரண்டு வழிகளில் தயாரிக்கலாம்: சோடியம் ஹைட்ராக்சைடால் நீரைக் காரமாக்கி, பேரியம் குளோரைடு சேர்த்துக் கார்பனேட்டை வெண்ணிற வீழ்படிவாகப் பிரிப்பது ஒன்று, மூடிய குப்பிக்குள் பாஸ்பாரிக் அமிலத்தைச் செலுத்தி, வெளிவரும் கார்பன் டை ஆக்சைடை ஹீலியத்தைப் பாய்ச்சிச் சேகரிப்பது மற்றொன்று.

கார்பன்-14 சிதையும்போது வெளிவரும் பீட்டா துகள்களை எண்ணும் கருவிகளான பீட்டா எண்ணிகளுக்குக் கிராம் கணக்கில் கார்பன் தேவைப்பட்ட காலத்தில், பெருமளவு நீரை ஆற்றங்கரையிலேயே கையாள வீழ்படிவு முறை பெரிதும் உதவியது. ஆனால் காரக் கரைசல் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை விரைந்து உறிஞ்சும். திறந்த புனலில் வடிகட்டும்போதே இன்றைய கார்பன் கலந்துவிடும். கார்பன்-14 அறவே இல்லாத மாதிரியில் 1 சதவீதம் இன்றைய கார்பன் கலந்தாலே அதன் வயது ஏறத்தாழ 37,000 ஆண்டுகள் என்று காட்டும். சுண்ணாம்புப் பாறைகளின் பழைய கார்பனைச் சுமந்துவரும் ஆறுகளில் இந்தக் கலப்பைப் பொருட்படுத்தாமல் விடுவது தவறு.

அமில முறையில் நீர் காற்றைத் தொடுவதே குறைவு; கார்பன்-14 அணுக்களையே நேரடியாக எண்ணும் முடுக்கி நிறைமாலைமானிக்கு 1 மில்லிகிராம் கார்பனே போதும் என்பதால் சிறு குப்பி நீரே போதுமானது. நான் இதையே பரிந்துரைப்பேன். ஆயினும் குப்பிக்குள் நுண்ணுயிர்கள் கரிமப் பொருளைச் சிதைத்துப் புதிதாகக் கார்பன் டை ஆக்சைடை உண்டாக்கும்; ஆகவே எடுத்த உடனே மாதிரியை நுண்வடிகட்டியில் வடிகட்டியோ, மெர்குரிக் குளோரைடு சேர்த்தோ மூடிவிட வேண்டும்.