வாக்குகள் சமமானால்: குலுக்கலா, மறுதேர்தலா?

முதலிடத்தில் இருவர் ஒரே எண்ணிக்கையில் நின்றுவிட்டால் என்ன செய்வது?

நேரம்
குலுக்கல்: சில நிமிடங்கள். 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 65ஆவது பிரிவுப்படி தேர்தல் அதிகாரி அங்கேயே குலுக்க வேண்டும்; சீட்டு விழுந்தவருக்கு ஒரு வாக்கு கூடுதலாகக் கிடைத்ததாகக் கணக்கு.
மறுதேர்தல்: மாதக்கணக்கு. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் 1974 நவம்பர் செனட் தேர்தல் இரண்டே வாக்கு வித்தியாசத் தகராறில் சிக்கி, 1975 செப்டம்பரில்தான் மீண்டும் நடந்தது.

செலவு
குலுக்கல்: இரண்டு சீட்டு, ஒரு பாத்திரம்.
மறுதேர்தல்: வாக்குச்சாவடி, ஊழியர், காவல், பிரசாரம், எல்லாம் மறுபடியும்.

மனநிறைவு
குலுக்கல்: இங்கேதான் சிக்கல். 2018 ஜனவரியில் அமெரிக்க மாநிலமான வர்ஜீனியாவில், சட்டமன்றக் கீழவைத் தேர்தலில் தலா 11,608 வாக்கு பெற்ற இருவரின் பெயர்களை ஃபிலிம் டப்பாக்களில் இட்டு, பீங்கான் கிண்ணத்திலிருந்து ஒன்றை எடுத்தார்கள். அந்த அவையின் 51-49 பெரும்பான்மை அந்த டப்பாவுக்குள் இருந்தது! இமாச்சலில் 2024 பிப்ரவரி மாநிலங்களவைத் தேர்தல் இன்னும் விசித்திரம். 34-34. சீட்டில் வந்தது காங்கிரஸ் வேட்பாளர் அபிஷேக் மனு சிங்வியின் பெயர். வென்றதோ பாஜகவின் ஹர்ஷ் மகாஜன். அந்தத் தேர்தலில் சீட்டு வந்தவரை விலக்குவதே விதி என்றார்கள். சிங்வி உயர் நீதிமன்றம் சென்றார்.
மறுதேர்தல்: நியூ ஹாம்ப்ஷயரில் இரண்டு வாக்குத் தகராறு 27,000-க்கு மேற்பட்ட வித்தியாசமாக முடிந்தது. பிறகு யார் வாய் திறப்பார்?

வார்டு உறுப்பினர் பதவிக்குக் குலுக்கல் போதும். ஓர் அவையின் பெரும்பான்மையே ஊசலாடினால் மறுதேர்தலுக்கே என் வாக்கு. குலுக்கத்தான் வேண்டுமென்றால், பெயர் வந்தவர் வென்றவரா தோற்றவரா என்பதைப் பாத்திரத்துக்குள் கையை விடும் முன்பே உரக்கச் சொல்லிவிடட்டும்.