கவசத்துக்குப் பிரஸ் பட்டன் வாங்கப் போய் 7,840 ரூபாய் போச்சு: தயவுசெய்து படிச்சிட்டு வாங்குங்க

தொகையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 7,840 ரூபாய். பொருளை விற்ற ஆள் கடைசியாகப் பேசியபோது, "இந்தச் சின்ன அமவுண்டுக்கு ஏன் மேடம் இவ்ளோ டென்ஷன் ஆகுறீங்க" என்று கேட்டான். அதில் 5,000 ரூபாய் என் பணம்கூட இல்லை.

காஸ்ப்ளே (பிடித்த பாத்திரம் மாதிரி உடையும் கவசமும் செய்து வேஷம் போடுவது) பண்ணுகிறவர்கள், வீட்டில் பை, பெல்ட் தைத்து விற்கிறவர்கள், பட்டன் அடிக்கச் சின்னதாக ஒரு கை மெஷின் வாங்கலாம் என்று தேடிக்கொண்டிருப்பவர்கள், எல்லாருக்கும்தான் இந்தப் பதிவு. ஏமாறாமல் வாங்க ஐந்து வழிகள் கடைசியில் சொல்கிறேன். இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை, எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2024 பிப்ரவரியில் சென்னையில் முதல்முறையாக காமிக் கான் (காமிக்ஸ், சூப்பர் ஹீரோ ரசிகர்கள் கூடுகிற விழா) நடந்தபோது நந்தம்பாக்கம் வர்த்தக மையத்துக்குச் சும்மா வேடிக்கை பார்க்கத்தான் போனேன். திரும்பி வரும்போது ரயிலிலேயே முடிவு பண்ணிவிட்டேன், நானும் ஒரு நாள் கவசம் போட்டுக்கொண்டு இப்படி ஒரு கூட்டத்துக்குள் நடப்பது என்று. வெளிநாட்டு சூப்பர் ஹீரோ யாரும் வேண்டாம். விழுப்புரம் பக்கம் எங்கள் ஊர் அய்யனார் கோயில் வாசலில் அரிவாளோடு உட்கார்ந்திருக்கிற வீரன்தான் என் ஆள். சிலையில் பதக்கமும் மாலையும்தான் இருக்கும். மார்புக் கவசம், தோள், முன்கை, தொடை, முழங்கால் காப்பு எல்லாம் என் கற்பனை. மீசை மட்டும் ஒட்டிக்கொள்ளவில்லை.

எல்லாமே ஈ.வி.ஏ. ஷீட். செருப்புக்குப் போடுகிற அதே வகை. மார்புக்கு 10 எம்.எம்., தோளுக்கும் கைக்கும் 6 எம்.எம். வெட்டி, ஹீட் கன்னில் வளைத்து, பசை போட்டு, பெயிண்ட் அடிப்பது வரை ஐந்து மாதம் ஓடியது. ஆபீஸ் முடிந்து வந்து ராத்திரி ராத்திரியாகச் செய்தது.

கவசம் செய்வது பெரிய வேலையே இல்லை, அதை உடம்பில் நிற்க வைப்பதுதான் வேலை. வெல்க்ரோ போட்டால் புடவைத் துணியை எல்லாம் பிடித்து இழுக்கும், வியர்வையில் பசை விட்டுப்போகும். பக்கிள் கனம். பிரஸ் பட்டன் என்றால் ஒவ்வொரு துண்டாகக் கழற்றிப் பைக்குள் அடுக்கி ரயிலில் கொண்டுபோகலாம், பாத்ரூம் போக வேண்டுமென்றால் ஒரு நிமிடத்தில் தொடைக் காப்பைக் கழற்றலாம். (இதை யாரும் வீடியோவில் சொல்ல மாட்டார்கள். ஆறு மணி நேரம் போட்டுக்கொண்டு நின்றால் தெரியும்.)

ஒரு அங்குல நைலான் பட்டையை விரல் நீளத்துக்கு வெட்டி, ஓரம் பிரியாமல் மெழுகுவர்த்தியில் சுட்டு, சூடான ஊசியால் ஓட்டை போட்டு, அதில் குமிழ்ப் பட்டனை, அதாவது பிரஸ் பட்டனின் மேடான பாதியை, அடிக்க வேண்டும். ஷீட்டின் உள்பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்து, ரெண்டு பக்கமும் பசை தடவி, கையில் ஒட்டாத பதத்துக்குக் காயவிட்டு அந்தத் துண்டை அழுத்தி ஒட்டிவிட்டால் அதுதான் பிடிமானம். குமிழ் போய் மாட்டுகிற குழிப் பட்டன் தனியாக ஒரு எலாஸ்டிக் பட்டையின் ரெண்டு முனையிலும் வரும். எலாஸ்டிக்கிலேயே நேராகப் பட்டன் அடித்தால் நாலு இழுப்பில் கிழிந்துவிடும், அதனால் முனையில் நைலான் பட்டையை மடித்துத் தைத்து அதில்தான் அடிக்க வேண்டும். என் கணக்குக்கு 38 இடம் வந்தது.

அம்மா குரோம்பேட்டையில் தையல் கடை வைத்திருக்கிறார். இதையெல்லாம் பார்த்துவிட்டு, "கூத்துக்காரங்க புஜக்கட்டை, மார்ப்பதக்கம் எல்லாம் கயித்துலதான்டி கட்டுறாங்க. விடிய விடிய ஆடுனாலும் அவுறாது. உனக்கு என்ன டிச் பட்டன்?" என்றார். நான் சிரித்தேன்.

மூன்று வாரம் முன்னால் ஒரு சமூக வலைத்தளத்தில் கைவேலைப் பொருள் விற்கிற ஒரு பக்கம் கண்ணில் பட்டது. பெயர் சொல்லப் போவதில்லை. பச்சை விரிப்பு போட்ட மேஜை, அதன்மேல் ஒரு கை பிரஸ், ஒரு கை வந்து நெம்பை இழுத்ததும் 'டக்' என்று பட்டன் உட்காரும். அந்தச் சத்தத்திலேயே பாதி விழுந்துவிட்டேன். நம்பர் இருந்தது, கூப்பிட்டேன்.

நான் எங்கே ஏமாந்தேன் என்றால் இங்கேதான். "விலை இவ்வளவு, பணம் போடுங்க" என்று அவன் ஆரம்பித்திருந்தால் வைத்திருப்பேன். அவன் கேட்ட முதல் கேள்வி, "பட்டை எத்தனை எம்.எம். தங்கச்சி? ஒத்தையா, மடிச்சு வருதா?" என்பது. நான் ஏற்கெனவே நாலு பேரிடம் விசாரித்திருந்தேன், ஒருவர்கூட இதைக் கேட்கவில்லை. மடித்துத் தைப்பேன் என்றேன். "அப்போ மூணு எம்.எம். வரும். சாதா பட்டன்ல தண்டு பத்தாது, உள்ள சுருண்டு பிடிக்காது. நீளத் தண்டு போட்டுத் தரேன்" என்றான். பட்டன் அளவில் 24 லைன் என்றால் என்ன என்று கேட்டேன். "ஒரு லைன்னா அங்குலத்துல நாப்பதுல ஒரு பங்கு. இருபத்தி நாலு லைன்னா பதினஞ்சு எம்.எம். தங்கச்சி, கவசத்துக்கு அதுதான் தாங்கும், 20 லைன் எல்லாம் சட்டைக்கு" என்று வாத்தியார் மாதிரி விளக்கினான். வாய்ஸ் மெசேஜ் இன்னும் என் போனில் இருக்கிறது. கவசத்தின் போட்டோ கேட்டான், அனுப்பினேன். "எங்க குலசாமி மாதிரியே இருக்கு தங்கச்சி, நல்லா பண்ணியிருக்க" என்றான்.

தொழில் இவ்வளவு தெரிந்தவன் ஏமாற்ற மாட்டான் என்று நினைத்தேன். தொழில் தெரியாதவன் தப்பான பட்டனைத் தெரியாமல் அனுப்புவான். இவன் தெரிந்தே அனுப்பினான்.

கணக்கு: கை பிரஸ் 4,200. டை செட் (பட்டனை வைத்து அழுத்துகிற அச்சு) 1,100. பித்தளைப் பட்டன் குறைந்தது 500 ஜோடிதான் தருவேன் என்றான், அது 2,000. கூரியர் 540. மொத்தம் 7,840. எனக்கு 38 போதும், 500 எதற்கு? எங்கள் காஸ்ப்ளே குழுவில் ஐந்து பேர் ஆளுக்கு ஆயிரம் போட்டார்கள், பட்டனைப் பிரித்துக்கொள்ளலாம், பிரஸ் எல்லாருக்கும் பொது என்று பேச்சு. மீதி 2,840 என்னுடையது. யு.பி.ஐ.யில் போடும்போது வேறு பெயர் காட்டியது. கேட்டேன். "வீட்டுக்காரம்மா அக்கவுண்டு தங்கச்சி" என்றான். நானும் சரி என்று பின் நம்பரை அழுத்தினேன். அந்த ஒரு வினாடியை நினைத்தால் இப்போதும் என்னையே அறையத் தோன்றுகிறது.

ஒன்பதாவது நாள் பார்சல் வந்தது. பிரித்ததும் பட்டன் பளபளவென்று பித்தளை நிறத்தில் இருந்தது. முதல் பட்டனை வைத்து இழுத்தேன். மேல் மூடி நசுங்கி அப்பளம் மாதிரி ஆனது. இரண்டாவது, தண்டு ஒரு பக்கம் சாய்ந்தது. மூன்றாவது உட்கார்ந்தது, ஆனால் திறக்கவே வரவில்லை, இழுத்தால் பட்டையே ஷீட்டிலிருந்து பிய்ந்துகொண்டு வந்தது. நாலாவது ஊதினாலே திறந்தது. குழியைத் திருப்பிப் பார்த்தால் உள்ளே இருக்க வேண்டிய ஸ்பிரிங் வளையமே இல்லை. ஒரு பை முழுக்க இப்படிக் கலப்படம்.

குழுவில் ஒருவன் வெர்னியர் அளவுகோல் கொண்டுவந்து அளந்தான். மூடி 12.5 எம்.எம். அதாவது 20 லைன். "அதெல்லாம் சட்டைக்கு" என்று எனக்குப் பாடம் எடுத்தானே, அதே சைஸ். டை மட்டும் 15 எம்.எம். பெரிய டையில் சின்ன மூடி வைத்தால் நசுங்காமல் என்ன செய்யும்? ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த காந்தத்தை எடுத்து வைத்தேன், அத்தனை மூடியும் ஓடிவந்து ஒட்டிக்கொண்டது. பித்தளை காந்தத்தில் ஒட்டாது. எல்லாம் இரும்பு, மேலே முலாம். மூன்றாம் நாள் பிரஸ்ஸின் கையே வார்ப்பில் விரிசல் விட்டு ரெண்டாகக் கழன்று என் கால் பக்கத்தில் விழுந்தது. நல்லவேளை காலில் விழவில்லை.

போன் பண்ணினேன். முதல் நாள் "தங்கச்சி, நீ வேகமா இழுத்திருப்ப, மெதுவா இழுத்துப் பாரு" என்றான். இரண்டாம் நாள் "பார்சல் பிரிக்கும்போது வீடியோ எடுத்தீங்களா மேடம்?" என்றான். தங்கச்சி மேடம் ஆனது அந்த நாள்தான். எடுக்கவில்லை. "அப்போ எங்க பொருள்தான்னு எப்படி மேடம் நம்புறது?" மூன்றாம் நாள் வேறு குரல், "நான் டெலிவரி பார்க்குற பையன், அண்ணன் வெளியூர் போயிருக்காரு." நாலாம் நாள் பழைய குரலே, "திருப்பி அனுப்புங்க, மாத்தித் தரேன், கூரியர் உங்க செலவு, டை மாத்த வித்தியாசம் 900 போட்டு விடுங்க." 7,840 போதாது என்று இன்னொரு 900! அன்றைக்குத்தான் கத்தினேன், அன்றைக்குத்தான் "சின்ன அமவுண்டு" வசனம். மறுநாளிலிருந்து என் மெசேஜுக்கு ஒற்றை டிக்.

வலைத்தளத்துக்கும் புகார் எழுதினேன். பணம் எங்கள் வழியாகப் போகாததால் நாங்கள் தலையிட முடியாது என்று ரெண்டு வரி வந்தது. கீழே "உங்கள் அனுபவத்தை மதிப்பிடுங்கள்" என்று ஐந்து நட்சத்திரம் வேறு.

நாள் இல்லை. 38 இடத்தில் எப்படியோ 22 பட்டன் ஒப்பேற்றி, மீதிக்கு ஊக்கு குத்திச் சனிக்கிழமை காஸ்ப்ளே விழாவுக்குப் போனேன். வரிசையில் நிற்கும்போதே இடது தோள் கழன்று விழுந்தது. ஒரு சின்னப் பையன் எடுத்துக் கொடுத்து, "அக்கா, உங்க கை விழுந்துடுச்சு" என்றான். போட்டோவுக்கு அரிவாளைத் தூக்கியபோது மார்புக் கவசம் ஒரு பக்கம் திறந்து கதவு மாதிரி தொங்கியது. ஓரமாக உட்கார்ந்து பையைத் துழாவினால், உள்ளே சுருட்டி வைத்த நாலு பாவாடை நாடா. அம்மா சொல்லாமல் வைத்திருக்கிறார். அதைக் கொண்டு கட்டித்தான் சாயங்காலம் வரை நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஏரியா ஸ்டேஷன் பக்கம் பை ரிப்பேர் பண்ணுகிற பெரியவரிடம் கொண்டுபோனேன். பட்டனைக் கையில் உருட்டியதுமே, "இது இரும்பும்மா. டையும் பட்டனும் ஜோடியே இல்ல" என்றார். தன் டப்பாவிலிருந்து ஆறு பட்டன் எடுத்து, ஒரு இரும்புத் துண்டின்மேல் வைத்து, சுத்தியலால் ஒவ்வொன்றுக்கும் ரெண்டே தட்டு. ஒன்றுக்குப் பத்து ரூபாய், மொத்தம் 60. இழுத்து இழுத்துப் பார்த்தேன், ஒன்றும் அசையவில்லை. 38 இடத்துக்கும் 380 ரூபாய்தான் ஆகியிருக்கும். வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரம். நான் 7,840 ரூபாயை ஒரு பச்சை விரிப்புக்குக் கொடுத்திருக்கிறேன்.

ஐந்து வழி சொல்கிறேன் என்றேன் இல்லையா. பித்தளை என்று சொன்னால் காந்தம் வைத்துப் பாருங்கள். டையும் பட்டனும் ஒரே கடையில், பத்து ஜோடி சாம்பிள் அடித்துப் பார்த்த பிறகு வாங்குங்கள். பணம் போகிற பெயரும் கடைப் பெயரும் வேறாக இருந்தால் போடாதீர்கள், வீட்டுக்காரம்மா கதை எல்லாம் கேட்காதீர்கள். பார்சல் பிரிக்கும்போது வீடியோ. அவ்வளவுதான் இப்போது தோன்றுகிறது, ஐந்தாவது என்ன நினைத்தேன் என்று மறந்துவிட்டது.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன். குழுவில் யாரும் பணம் கேட்கவில்லை. அவர்கள் கேட்காததுதான் கஷ்டமாக இருக்கிறது, சம்பளம் வந்ததும் அந்த 5,000-ஐக் கொடுத்துவிடுவேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே தோழி ஒருத்தி கூப்பிட்டாள். அந்தப் பக்கத்தில் இன்று காலை புது வீடியோ வந்திருக்கிறதாம். அதே பச்சை விரிப்பு, அதே கை, அதே 'டக்'. கீழே யாரோ ஒரு பெண், "எவ்வளவு அண்ணா?" என்று கேட்டிருக்கிறார். என்னைத் தடுத்து வைத்திருப்பதால் தோழி தன் கணக்கிலிருந்து, "வாங்காதீங்க சிஸ்டர்" என்று பதில் போட்டாள். ரெண்டு நிமிடத்தில் அது அழிந்தது. இப்போது அவளையும் தடுத்துவிட்டான்.