வார்மர் விளக்கு பச்சையானால் பால் தயாரா? எடுத்து வைத்த தாய்ப்பாலைச் சூடாக்கிப் புகட்டும் அனுபவம்

பாட்டில் வார்மர் வாங்கிய முதல் வாரம் எல்லோருக்கும் பிடித்துத்தான் போகும். தண்ணீர் ஊற்றி, பாட்டிலை இறக்கி, பொத்தானை அழுத்தினால் நாலைந்து நிமிடத்தில் விளக்கு மாறும். அதன் குணம் தெரிய ஆரம்பிப்பது இரண்டாம் மாதத்தில்தான். தினமும் நாலைந்து தடவை, மாதக்கணக்கில் ஓட்டிய பிறகு சொல்லக்கூடியது இது: வார்மர் இரவுக்கு மட்டும் உதவும். பகலில் ஒரு எவர்சில்வர் கிண்ணமும் வெந்நீரும் அதைவிட நம்பகமானவை.

முதல் சிக்கல், அந்த விளக்கு காட்டுவது அடித்தட்டின் சூட்டை, பாலின் சூட்டை அல்ல. 60 மில்லியையும் 150 மில்லியையும் ஒரே அமைப்பில் வைத்தால் முதலாவது சுடும், இரண்டாவது நடுவில் சில்லென்றே இருக்கும். கண்ணாடி பாட்டிலில் சூடு சீக்கிரம் ஏறும், பிளாஸ்டிக்கில் மெதுவாக ஏறும். அதனால் பாட்டிலை மாற்றினால் பழகிய நேரக் கணக்கும் மாறிவிடும். ஆவியில் சூடாக்கும் வகை இன்னும் அவசரக்காரன்: ஓரப் பால் கொதிநிலை நோக்கிப் போகும்போதும் நடுப்பால் குளிராக இருக்கும். எந்த வகையானாலும் பாதி நேரத்தில் வெளியே எடுத்து, மெதுவாகச் சுழற்றி, திரும்ப வைப்பதுதான் வழி.

இரண்டாவது, ‘சூடாகவே வைத்திரு’ என்ற அமைப்பு. வாங்கும்போது பெரிய வசதியாகத் தெரியும். ஆனால் 37 டிகிரியில் மணிக்கணக்காக நிற்கும் பால் கிருமிக்குக் கொடுத்த விருந்து. அந்தப் பொத்தான் இல்லை என்றே நினைத்துக்கொள்வது நல்லது.

மூன்றாவது, உப்பு. போர் தண்ணீர் ஊற்றினால் சில வாரங்களில் அடித்தட்டில் வெள்ளையாகப் படியும். படிவு தடித்தால் சூடு தண்ணீருக்குப் போகத் தாமதமாகும், சென்சாரும் ஏமாறும். விளக்கு மாறியும் பால் குளிர்ந்தே இருந்தால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். வினிகரும் தண்ணீரும் சம அளவு ஊற்றி, சூடாக்காமல் அரை மணி நேரம் விட்டுக் கழுவினால் போய்விடும். குடிக்கும் தண்ணீரையே ஊற்றினால் இந்த வேலை வெகுவாகக் குறையும்.

இனி கிண்ணத்துக்கு வருவோம். கொதித்த தண்ணீர் ஒரு டம்ளர் (125 மில்லி), குழாய்த் தண்ணீர் மூன்று டம்ளர். கிண்ணம் இழுத்துக்கொள்ளும் சூடு போக 45 டிகிரிக்குப் பக்கத்தில் நிற்கும். இந்த அரை லிட்டரில், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த 120 மில்லி பாலை வைத்தால் இரண்டும் 36, 37 டிகிரியில் சமமாகிவிடும். அதற்கு மேல் ஏற வழியே இல்லை என்பதுதான் இதன் அழகு. மறந்துவிட்டாலும் பால் அதிகமாகச் சுடாது. எட்டிலிருந்து பத்து நிமிடம் ஆகும். தண்ணீர் மட்டம் பாட்டில் மூடி வளையத்துக்குக் கீழேயே இருக்கட்டும். இல்லாவிட்டால் திருகு வழியாகத் தண்ணீர் உள்ளே கசியும். மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு சொட்டு விட்டால் சுடவும் கூடாது, குளிரவும் கூடாது.

மைக்ரோவேவ் கூடவே கூடாது. அங்கங்கே கொதிக்கும் இடங்கள் உருவாகி வாயைச் சுட்டுவிடும். அடுப்பில் நேரடியாக வைப்பதும் அப்படியே. உண்மையில், பாலைச் சூடாக்கியே ஆக வேண்டும் என்றும் இல்லை. குழந்தை குடிக்குமானால் அறைச் சூட்டிலேயே கொடுக்கலாம்.

ஃபிரிட்ஜில் வைத்த பாலில் கொழுப்பு மேலே தனியாக ஒதுங்கி நிற்கும். அது கெட்டுப்போனதல்ல. சுழற்றினால் கலந்துவிடும். சுழற்றாமல் கொடுத்தால் கொழுப்புக் கட்டி நிப்பிள் துளையை அடைக்கும், அல்லது பாட்டில் சுவரிலேயே ஒட்டி வீணாகும்.

சேமிக்கும் கணக்கு: அப்போதுதான் எடுத்த பால் 25 டிகிரி அறையில் 4 மணி நேரம், ஃபிரிட்ஜில் 4 நாள், தனிக் கதவுள்ள ஃப்ரீசரில் 6 மாதம். இதில் 25 டிகிரி என்பதைக் கவனிக்க வேண்டும். சித்திரையில் மின்விசிறி மட்டும் ஓடும் சென்னை வீட்டுக்கு அந்த 4 மணி நேரம் பொருந்தாது. எடுத்ததும் ஃபிரிட்ஜுக்குப் போகட்டும். ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜின் உள்ளே இருக்கும் ஐஸ் பெட்டியை இரண்டு வாரத்துக்கு மேல் நம்ப வேண்டாம். உறைந்ததை முந்தின இரவே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள். முழுதாக உருகிய பிறகு 24 மணி நேரம்தான், மறுபடி உறைய வைக்கக் கூடாது. குழந்தை வாய் வைத்த பால் மீந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும், இல்லையேல் கொட்ட வேண்டும். மனசு வராதுதான். அதனால்தான் பைகளில் 60 மில்லியாகவே நிரப்பச் சொல்வது.

உருகிய பாலில் சோப்பு வாடை அடித்தால் லைபேஸ் என்ற நொதி கொழுப்பை உடைத்திருக்கிறது என்று அர்த்தம். கெடுதல் இல்லை, ஆனால் சில குழந்தைகள் தொடவே மாட்டார்கள். ஃப்ரீசரை நிரப்பும் முன் ஒரே ஒரு பையை ஒரு வாரம் வைத்து, முகர்ந்து பாருங்கள். வாடை வந்தால் இனி எடுக்கும் பாலை உடனே, ஓரத்தில் குமிழி வரும் அளவுக்கு (சுமார் 82 டிகிரி) மட்டும் சூடாக்கி, ஐஸ் தண்ணீரில் வேகமாக ஆற்றி உறைய வைக்கலாம். ஏற்கெனவே வாடை வந்த பாலுக்கு இது பயன்படாது.

புகட்டும்போது குழந்தையைப் படுக்க வைக்காமல் ஓரளவு நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். பாட்டிலைச் செங்குத்தாகக் கவிழ்க்காமல் கிட்டத்தட்டக் கிடைமட்டமாக, நிப்பிள் நிறையும் அளவுக்குச் சாய்த்தால் போதும். நாலைந்து மிடறுக்கு ஒருமுறை பாட்டிலைத் தாழ்த்தி மூச்சு விட இடம் கொடுங்கள். 100 மில்லி 15, 20 நிமிடம் பிடிப்பதே சரி. ஐந்து நிமிடத்தில் காலியானால் நிப்பிளின் ஓட்டம் அதிகம். புரையேறும், பிறகு மார்பில் மெதுவாக வரும் பாலுக்கு அழும். நிப்பிள் உள்நோக்கி ஒட்டிக்கொண்டால் மூடியை மிக இறுக்கமாகத் திருகியிருக்கிறீர்கள், அல்லது காற்றுத் துளை அடைத்திருக்கிறது.

பிறந்த முதல் வாரங்களில் பாட்டிலுக்குப் பதில் பாலாடையோ சங்கோ போதும். மூக்கு நீண்ட அந்தச் சின்னக் கிண்ணத்தில் கழுவ ஒளிந்த இடமே இல்லை, துளையும் வால்வும் இல்லை. ஒரேயடியாக ஊற்றாமல் கீழுதட்டில் வைத்து, குழந்தை விழுங்க விழுங்கச் சாய்க்க வேண்டும். கொஞ்சம் சிந்தும், கழுத்தில் ஒரு துணி கட்டிவிடுங்கள்.