8,400 ரூபாய் ஸ்பீக்கரில் பசையால் ஒட்டிய ட்வீட்டர்

தொகையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: 8,400 ரூபாய். கடந்த சனிக்கிழமை சென்னை ரிச்சி தெருவில், கணினி உதிரிபாகங்களும் ஸ்பீக்கர்களும் விற்கும் ஒரு சிறிய கடையில் அதைக் கொடுத்துவிட்டு வந்தேன். இன்று வெள்ளிக்கிழமை, பணமும் போயிற்று, பாட்டும் இல்லை. கடையின் பெயரை எழுதப்போவதில்லை. அதே தெருவில் நேர்மையாக வியாபாரம் செய்கிற பலரிடம் பல ஆண்டுகளாக வாங்கியிருக்கிறேன். அந்தப் பழக்கமே என்னை அசட்டையாக்கியது.

வீட்டிலிருந்து வேலை பார்க்கும் எனக்கு மேசைக் கணினிக்கு ஒரு 2.1 செட் தேவைப்பட்டது. திரைக்கு இருபுறமும் இரண்டு சிறிய ஸ்பீக்கர்கள், மேசைக்கடியில் பேஸ் என்கிற கனத்த கீழ் ஒலிக்கென்று ஒரு சப்வூஃபர், அவ்வளவுதான். மானிட்டருக்குள் இருக்கும் ஸ்பீக்கரில் இளையராஜா பாடல்களின் பேஸ் கிட்டார் இருக்கும் இடமே தெரிவதில்லை.

கடைக்காரர் எதையும் என் தலையில் கட்டத் துடிக்கவில்லை. அங்கேதான் விழுந்தேன். பெயர் பெற்ற நிறுவனத்தின் 11,000 ரூபாய் செட்டை நான் காட்டியபோது, "அது பேருக்குக் குடுக்கிற காசு சார், உங்க ரூமுக்கு வேண்டாம்" என்று அவரே தடுத்தார். அறையின் அளவைக் கேட்டார், டீ வரவழைத்தார். விலை கூடியதை வேண்டாம் என்று சொல்பவர் ஏமாற்றுவார் என்று யாருக்குத் தோன்றும்? பிறகு வேறொரு சப்வூஃபரைச் சுவர் மூலையில் தரையோடு வைத்து ஓட்டினார். கண்ணாடி அலமாரி அதிர்ந்தது. மூலையில் வைத்தால் எந்தப் பெட்டியின் பேஸும் தடித்துக் கேட்கும் என்பது எனக்குத் தெரியாததல்ல, ஆனாலும் தலையாட்டினேன். ஓட்டிக் காட்டியது ஒன்று, சீல் வைத்த அட்டைப்பெட்டியில் கைக்கு வந்தது வேறொன்று. பில் போட்டால் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. கூடும் என்றார், எஸ்டிமேட் என்று அச்சிட்ட ஒரு துண்டுச்சீட்டில் 8,400 என்று எழுதிக் கொடுத்ததை வாங்கிக்கொண்டேன். கியூ.ஆர். அட்டையை ஸ்கேன் செய்தபோது கடையின் பெயருக்குப் பதிலாக யாரோ ஒருவருடைய பெயர் வந்தது. அப்போதாவது கை நின்றிருக்க வேண்டும்.

வீட்டில் இணைத்த உடனேயே 'ம்ம்ம்' என்ற இரைச்சல். கணினியிலிருந்து வரும் ஆடியோ ஒயரைப் பிடுங்கிப் பார்த்தேன்; அப்போதும் நிற்கவில்லை. அப்படியானால் கோளாறு கணினியில் இல்லை, ஸ்பீக்கரின் ஆம்ப்ளிஃபையரிலோ அதன் மின்பகுதியிலோதான் இருக்கிறது. அட்டைப்பெட்டியின் மேல் 12,000 வாட் பி.எம்.பி.ஓ. (கண நேர உச்சம் என்று விளம்பரத்துக்குப் போடும் எண்), 120 வாட் ஆர்.எம்.எஸ். (இடைவிடாமல் கொடுக்கக்கூடிய சக்தி) என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. சப்வூஃபரின் பின்புறம் ஒட்டியிருக்கும் சின்ன லேபிளிலோ 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், 30 வாட் என்று இருக்கிறது. சுவரிலிருந்து 30 வாட் இழுக்கும் பெட்டி, இடைவிடாமல் 120 வாட்டை எங்கிருந்து கொண்டுவந்து கொடுக்கும்?

திங்கட்கிழமை போன் செய்தேன். "புது செட்டு சார், அம்பது மணி நேரம் ஓடட்டும், தானா செட் ஆயிடும்" என்றார். செவ்வாய்க்கிழமை என் வீட்டு எர்த் சரியில்லை என்றார். எலெக்ட்ரீஷியனுக்கு 300 ரூபாய் கொடுத்து, எர்த் சரியாகவே இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். புதன்கிழமை நேரில் போனேன். முதலாளி வெளியூர் போயிருப்பதாகப் பையன் சொன்னான்; முதலாளியின் பைக் வாசலில் நின்றது. சீட்டின் அடியில் 'விற்ற பொருள் வாபஸ் இல்லை' என்று ரப்பர் ஸ்டாம்ப் குத்தியிருப்பதைக் காட்டி, சர்வீஸ் சென்டருக்குப் போகச் சொன்னான். வாரண்டி அட்டையில் உள்ள எண் உபயோகத்தில் இல்லை.

நேற்றிரவு வெறுத்துப்போய் ஸ்பீக்கர்களின் முன்பக்க வலையைக் கழற்றினேன். '8 அங்குல வூஃபர்' என்று போட்டிருந்த இடத்தில் வெளிவளையம் மட்டுமே 8 அங்குலம். ஸ்கேல் வைத்து அளந்தால் உள்ளே இருக்கும் காகிதக் கூம்பு 4 அங்குலம். பக்கவாட்டு ஸ்பீக்கரில் வெள்ளி நிறத்தில் பளபளத்த ட்வீட்டரை, அதாவது மெல்லிய உயர் ஒலிகளைத் தரவேண்டிய சிறு ஸ்பீக்கரை, நகத்தால் நெம்பினேன், பட்டன் போலக் கையோடு வந்துவிட்டது. பின்னால் ஒயர் இல்லை, காந்தம் இல்லை, காய்ந்த பசைதான் இருந்தது. படம் எடுத்து அனுப்பினேன். "பிரிச்சிட்டீங்களே சார், இனிமே வாரண்டி கிடையாது" என்று பதில் வந்தது. அதன்பின் நான் அனுப்பும் எதற்கும் ஒற்றை டிக்தான் விழுகிறது.

நல்ல சப்வூஃபரைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று விளக்கமாக எழுதவே உட்கார்ந்தேன். இப்போதுள்ள கோபத்தில் இவ்வளவுதான் வருகிறது. பி.எம்.பி.ஓ. எண்ணைப் பார்க்கவே பார்க்காதீர்கள், பின்புற லேபிளில் எத்தனை வாட் என்று பாருங்கள். உங்கள் கைக்கு வரும் அதே பெட்டியைப் பிரித்து, மூலையில் வைக்காமல் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். பாட்டை நிறுத்திவிட்டு இரைச்சல் வருகிறதா என்று காதைக் கிட்டே வைத்துக் கேளுங்கள். ஜி.எஸ்.டி. பில் இல்லையென்றால் வாங்காமல் வந்துவிடுங்கள். பில் தராததும், குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முறையற்ற வணிகம். ரப்பர் ஸ்டாம்பைக் கண்டு மலைக்க வேண்டாம்.

யு.பி.ஐ. ரசீதையும் அந்தத் துண்டுச்சீட்டையும் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் இன்று காலை புகாரைப் பதிவு செய்துவிட்டேன். நாளை மறுபடியும் சனிக்கிழமை. கூட்டம் நிறைந்திருக்கும் நேரமாகப் பார்த்து, செட்டைத் தூக்கிக்கொண்டு அதே கடைக்குப் போகிறேன். பிய்ந்த ட்வீட்டர் என் சட்டைப்பையில் இருக்கும்.