குழிந்த நெஞ்சு அறுவை: எபிடூரலா, நரம்பை உறைய வைப்பதா?

நஸ் முறையில் நெஞ்செலும்பின் அடியில் வளைந்த உலோகப் பட்டையைச் செருகி நிமிர்த்துவார்கள். பதின்வயதுப் பிள்ளைக்கு வலி கடுமையாக இருக்கும். அதை அடக்க இரண்டு வழி: எபிடூரல், அதாவது முதுகுத்தண்டருகே செருகிய மெல்லிய குழாய்வழி மரப்பு மருந்து; அல்லது அறுவையின்போதே விலா நரம்புகளைக் கடுங்குளிரால் உறைய வைப்பது.

வலி அடங்க: எபிடூரலில் விரைவு. உறைய வைத்தால் முழுப் பலனுக்கு ஏறக்குறைய ஒரு நாள். அதுவரை வேறு மருந்து வேண்டும்.

நீடிப்பு: எபிடூரல் குழாய் முதுகில் இருப்பது இரண்டு மூன்று நாள்தான். எடுத்ததும் வலி மீண்டும் பாய்வதுதான் பிள்ளைகளை வாட்டுகிறது. உறைந்த விலா நரம்புகள் மீளச் சில மாதங்கள் ஆகும். அதுவரை மார்புத்தோல் மரத்திருக்கும், சட்டை உரசுவதுகூடத் தெரியாமல் போகலாம்.

வீடு திரும்ப: எபிடூரலில் பெரும்பாலும் நான்கைந்து நாள், உறைய வைத்தால் ஓரிரு நாள். அபின் வகை வலிமருந்தின் தேவையும் குறையும்.

அறுவை நேரம்: உறைய வைப்பதில் கூடும்.

கருவியும் பழகிய கையும் இருந்தால் உறைய வைப்பதையே சொல்வேன். நீண்டநாள் மரத்துப்போவதை ஏற்க முடியாதவருக்கு எபிடூரல்.